சுவரில் எவர் முகம்?



பாவசங்கீர்த்தனம் கேட்பது என் பணி. இம்மாதம் நானே உங்கள்முன் ஒரு குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டுத் திருநாளின்போது, நவநாள் செபம் முடிந்து, வாலிகண்டபுரத்துப் பெருஞ்சாலைத் திருப்பம்வரை ஒரு மாலை நடந்து சென்றேன். அங்கே நம் இளைஞர்கள் பன்னிரண்டு அடி உயரத்தில் பிளக்ஸ் தட்டியொன்றை நிறுத்தியிருந்தார்கள். கீழே, இடப்பக்க மூலையில், அஞ்சல்தலை அளவில் புனித அந்தோணியார். நடுவில், மூக்குக்கண்ணாடியும் புன்னகையுமாக நான். இருபுறமும் கறுப்புக் கண்ணாடி அணிந்த நம் இளைஞர்கள். அவர்களோடு தோளோடு தோள் சேர்த்து நடந்து வருகிறார் புகழ்பெற்ற திரைப்பட நாயகர் ஒருவர்! கணினியின் கைவண்ணம் அது. நான் அதைப் பார்த்தேன், உள்ளூர மகிழ்ந்தேன், ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். "சாமி, ஒரு சந்தேகம். இந்த வருசம் திருநாள் அந்தோணியாருக்கா, ஒங்களுக்கா?" என்று கேட்டார். கேலி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. உண்மையாகவே ஐயம் கொண்டுதான் கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை.

அன்று மாலையே தட்டியை இறக்கச் சொன்னேன். இறக்குவதற்கு உதவியாக ஏணி கொண்டுவந்தவரைப் பார்த்தபோதுதான் என் வெட்கம் இரு மடங்காயிற்று. ஒரு காலத்தில் நம் திருநாள் தட்டிகளைத் துணியில் கையால் தீட்டிக் கொடுத்தவர் அவர். திரையரங்குகளுக்குப் பேனர் எழுதி வாழ்ந்தவர். சப்பரத்துச் சம்மனசுகளின் சிறகுகளுக்கு வண்ணம் தீட்டியவரும் அவரே. இப்பொழுது வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார். "என்ன செய்வது, சாமி? பிளக்ஸ் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. எனக்கு மூன்று நாள் வேண்டும்" என்றார். அவர் குரலில் கசப்பு இல்லை. ஆனால் அச்சொற்கள் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அவரை எண்ணும்போதெல்லாம், அவருடைய பாதையில் நேர் எதிர்த் திசையில் நடந்து சென்ற மற்றொரு மனிதரும் என் நினைவுக்கு வருகிறார். அவரைப்பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வெள்ளையடித்தவர் ஓவியரானார்

அவர் பெயர் ரஞ்சித் தாஹியா. அரியானா மாநிலத்துச் சோனிபட் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். இளமையில் அவருக்குக் கிடைத்த வேலை சுவர்களுக்கு வெள்ளையடிப்பது. அவ்வாறு வேலை செய்துவந்த நாள்களில், பள்ளிச் சுவரொன்றில் சரசுவதியின் உருவத்தைத் தீட்டும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. வெள்ளை மட்டுமே அறிந்திருந்த தூரிகை அன்று வண்ணத்தைச் சுவைத்தது. தம் கையில் ஒரு கலை உறங்கிக் கிடப்பதை அந்த இளைஞர் உணர்ந்தார். பெயர்ப்பலகை எழுதினார்; பின்னர் சண்டிகரில் உள்ள அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து முறையாக ஓவியம் பயின்றார்; அதன்பின் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் கல்வி பெற்றார். கூலிக்கு வெள்ளையடித்த ஒருவர் நாட்டின் தலைசிறந்த வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் இடம் பெற்றார் என்பதை, "படிப்பு வராது" என்று பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் பெற்றோர் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

மும்பைக்கு வந்து சேர்ந்த தாஹியாவுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. இந்தித் திரைப்படங்களின் பிறப்பிடம் மும்பை. நாடெங்கும் கோடிக்கணக்கானோர் கனவு காணும் முகங்கள் அங்கேதான் உருவாயின. ஆனால் அந்நகரத்தின் தெருக்களில் அதற்கான அடையாளம் எதுவும் அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. இக்குறையைத் தம் தூரிகையால் தீர்க்க எண்ணிய அவர், 2012-ஆம் ஆண்டில் 'பாலிவுட் ஆர்ட் ப்ராஜெக்ட்' என்னும் முயற்சியைத் தொடங்கினார். பழைய திரைப்படச் சுவரொட்டிகளின் சாயலை எடுத்து, வீட்டுச் சுவர் அளவுக்குப் பெருக்கி, தெருவில் போவோர் வருவோர் அனைவரும் காணும்படி கையாலேயே தீட்டுவது அவருடைய நோக்கம். பார்ப்பதற்குச் சீட்டு இல்லை, காட்சி நேரம் இல்லை, காவலர் இல்லை.

முதல் ஓவியம் 'அனார்கலி'. 1953-இல் பீனா ராயும் பிரதீப் குமாரும் நடித்து வெளிவந்த படம் அது. அவர் தேர்ந்துகொண்ட இடம் பாந்திராவிலுள்ள சேப்பல் ரோடு. இவ்விடத்தில் கத்தோலிக்க வாசகர்களாகிய நமக்கு ஒரு தனி ஆர்வம் பிறக்க வேண்டும். மவுண்ட் மேரி பேராலயத்தின் செப்டம்பர்த் திருவிழாவுக்குச் சென்று வந்தவர்கள் பாந்திராவை நன்கு அறிவார்கள். பழைய கத்தோலிக்கக் குடும்பங்களின் ஓட்டு வீடுகளும் மரப் படிக்கட்டுகளும் எஞ்சி நிற்கும் பகுதி அது. அதன் குறுந்தெருக்களில் ஆங்காங்கே கற்சிலுவைகள் நிற்கின்றன. 1896-இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியபோது, எங்களைக் காத்தருளும் என்று மன்றாடி மக்கள் நிறுத்திய சிலுவைகள் அவற்றுள் பல. இன்றும் அவற்றுக்கு மாலையிடுகிறார்கள். மாலையில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், தாராவியில் குடியேறிய நம் பகுதிக் குடும்பமொன்றின் திருமணத்துக்காக மும்பை சென்றிருந்த நான், ஒரு காலைப்பொழுதில் இத்தெருக்களில் நடந்தேன். ஒரு பக்கம் மாலை சூடிய சிலுவை. இன்னொரு பக்கம் வெயிலிலும் மழையிலும் வெளிறிப்போன ஒரு நடிகையின் விழிகள். முதலில் எனக்கு மனம் சற்றுக் கூசியது. பிறகு எண்ணிப் பார்த்தேன். சிலுவையை நட்டவர்களும் தெருவில் போகிறவனிடம் ஏதோ சொல்லத்தான் நட்டார்கள். அவர்கள் அச்சத்தையும் நம்பிக்கையையும் அங்கே வைத்தார்கள். இந்த ஓவியர் தம் தலைமுறையின் நினைவுகளை இங்கே வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் தெருவை வெறும் வழியாக விட்டுவிடாமல், நின்று பார்க்கும் இடமாக்கிய வகையில் இரண்டும் உறவுடையன.

பால்கேயின் சுவர்

தாஹியா தீட்டிய முகங்கள் பல. 1975-இல் வெளிவந்த 'தீவார்' படத்து அமிதாப் பச்சனை அவர் ஒரு சுவரில் நிறுத்தினார். 'தீவார்' என்னும் இந்திச் சொல்லுக்குச் சுவர் என்றே பொருள். சுவர் என்னும் படத்தைச் சுவரிலேயே தீட்டிய குறும்பை எண்ணிச் சிரிக்கலாம். அப்படமே 1981-இல் ரசினிகாந்த் நடிக்கத் 'தீ' என்று தமிழில் வந்ததை நம்மில் பலர் அறிவோம். சிவகாசிப் பக்கத்து மண்ணில் பிறந்து வடக்கே புகழ்பெற்ற ஸ்ரீதேவி 2018-இல் மறைந்தபின், அவருடைய முகமும் சேப்பல் ரோட்டுச் சுவரில் இடம்பெற்றது. 2020-இல் இர்பான் கான் மறைந்தபோது பாந்திராவிலேயே மற்றொரு சுவர் அவரை நினைவுகூர்ந்தது.

இவை எல்லாவற்றினும் பெரியது 2014-இல் பாந்திராவிலுள்ள தொலைபேசி நிறுவனக் கட்டடத்தின் நெடுஞ்சுவரில் எழுந்த தாதாசாகேப் பால்கேயின் உருவம். 'ஸ்டார்ட் இந்தியா' அறக்கட்டளையினர் நடத்திய தெருக்கலை விழாவின்போது, தாஹியாவும் உடன் ஓவியர்களும் பல மாடி உயரத்தில் தொங்கியபடி அதைத் தீட்டி முடித்தார்கள்.

பால்கே யார்? 1913-இல் வெளிவந்த 'ராஜா அரிச்சந்திரா' என்னும் முழுநீளப் படத்தை எடுத்து, இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவருக்கு அந்த எண்ணம் எங்கே உதித்தது என்பதை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1910-11 அளவில் பம்பாயில் அவர் ஒரு படம் பார்த்தார். அது 'கிறிஸ்துவின் வாழ்க்கை'. திரையில் நம் ஆண்டவரின் வரலாறு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கண்ணனும் இராமனும் இவ்வாறு திரையில் தோன்றினால் எப்படியிருக்கும் என்று அவருடைய மனக்கண் கண்டதாம். பால்கேயும் ஓவியம் பயின்றவர்தான். புகைப்படக்காரராகவும் அச்சுத் தொழிலாளராகவும் உழைத்தவர்தான். எனவே, வெள்ளையடித்த கையிலிருந்து எழுந்த ஒருவர், அச்சு மை படிந்த கையிலிருந்து எழுந்த மற்றொருவருக்குச் செய்த மரியாதை என்று அச்சுவரை நான் காண்கிறேன்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பால்கேக்கு முன்னரே, 1905-இல், திருச்சியில் இரயில்வே அலுவலராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்காட்சிக் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர்க் கோயம்புத்தூரில் 'வெரைட்டி ஹால்' திரையரங்கை நிறுவினார். அசையும் படம் நம் நாட்டு எளிய மக்களிடம் வந்து சேர்ந்த பாதையில், தொடக்கத்திலேயே கிறிஸ்துவின் முகமும் இருந்தது. ஆகவே, "திரைப்படத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று முகம் சுளிப்பதற்கு முன் சற்று நிதானிப்பது நல்லது.

ஓவியர் வெள்ளையடிப்பவரானார்

"சாமி, நடிகர் முகத்தைப் பெரிதாக எழுதுவது தமிழ்நாட்டுக்குப் புதிதா?" என்று நீங்கள் கேட்கலாம். முறையான கேள்விதான். உலகத்தில் எங்கும் காணாத அளவுக்கு அதைச் செய்தவர்கள் நாம். 1957-இல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சிவாசி கணேசனுக்கு எழுப்பப்பட்ட மாபெரும் கட்-அவுட் இன்றும் பேசப்படுகிறது. சிறிய படத்தின்மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பெருந்துணியில் பன்மடங்காகப் பெருக்கி, மூக்கு ஒரு துணியிலும் கண் மற்றொரு துணியிலுமாகத் தீட்டி, சாரத்தின்மேல் ஏற்றியபின் முழு முகமாகப் பொருந்தச் செய்வது எத்தகைய திறமை! தரையில் குனிந்து எழுதுகிறவனுக்குத் தான் எழுதுவது முழுமையாகத் தெரியாது. கீழே தெருவில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். தான் காண முடியாததைப் பிறர் காண்பதற்காகத் தீட்டிய கைகள் அவை.

அந்தக் கைகளுக்குத் தமிழகம் என்ன கைம்மாறு செய்தது? இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பிளக்ஸ் பரவியது. தலைமுறைகளாகப் பழகிய தொழில் சில ஆண்டுகளுக்குள் சரிந்தது. பேனர்க் கலைஞர்கள் வீடுகளுக்கு வண்ணமடிக்கச் சென்றார்கள். பலர் தொழிலையே மறந்தார்கள். 2009-10 ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகளின் சுவர்களில் சுவரொட்டிகளைத் தடுத்துத் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டச் செய்தபோது, அவர்களுள் பலருக்கு மீண்டும் தூரிகை பிடிக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஆனால் சென்னைச் சுவர்கள் வாலிகண்டபுரம்வரை நீள்வதில்லை அன்றோ?

பிளக்ஸ் தொழிலை மட்டுமா தின்றது? 2019 செப்டம்பர் 12-ஆம் நாள், சென்னைப் பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்த இளம்பெண் பொறியாளர் ஒருவர்மீது சாலை நடுவே வைத்திருந்த பிளக்ஸ் பேனர் சரிந்து விழுந்தது. பின்னால் வந்த லாரி அவர்மேல் ஏறியது. வயது இருபத்துமூன்று. அது ஒரு திருமணத்துக்காக வைக்கப்பட்ட வரவேற்புப் பேனர். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. உயர்நீதிமன்றமும் பலமுறை கண்டித்திருந்தது. இருந்தும் முகங்கள் சாலையில் நின்றன. பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற நம் ஆசைக்கு எவரோ பெற்ற பிள்ளை விலையானாள். திருப்பத்தில் நின்ற என் பன்னிரண்டு அடி முகத்தையும் காற்று சாய்த்திருக்கக்கூடும். அதன் கீழே யார் சென்றிருப்பார்கள் என்று நினைக்கும்போது இப்பொழுதும் நெஞ்சு நடுங்குகிறது.

ஆகவே, தாஹியாவின் சுவருக்கும் நம் பிளக்ஸ் தட்டிக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முகம் இரண்டிலும் நடிகருடையதாக இருக்கலாம். ஆனால் தட்டி நம்மிடம் ஏதோ கேட்கிறது: வாக்கு கேட்கிறது, சீட்டு வாங்கச் சொல்கிறது, "இவரோடு நானும் நிற்கிறேன், என்னை மதி" என்கிறது. பாந்திராச் சுவர் எதையும் விற்கவில்லை. திரையை விட்டு என்றோ போய்விட்ட ஒரு படத்தை, இறந்துபோன ஒரு கலைஞரை, அவ்வழியே போகும் பால்காரருக்கும் பள்ளிச் சிறுமிக்கும் நினைவூட்டுகிறது. அதைத் தீட்டியவர் அந்தத் தெருவிலேயே பல நாள் சாரத்தின்மேல் நின்றார், தெருவாசிகள் அவரைப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், சுவரின் சொந்தக்காரர் இசைந்தார். கணினியில் பிறந்து இரவோடிரவாக நிற்கும் தட்டிக்கு இவ்வுறவுகளில் ஒன்றும் இல்லை.

சாமானியரின் முகம்

எனினும் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எஞ்சியே நின்றது. நினைவுக்குரியவர்கள் நடிகர்கள் மட்டுமா? இக்கேள்விக்கு நம் தலைநகரின் சுவர்களே விடை கூறத் தொடங்கியிருக்கின்றன.

சென்னைத் துரைப்பாக்கத்தை அடுத்துள்ளது கண்ணகி நகர். நகரின் நடுவில் கூவம் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் குடிசைகளில் வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி, 2000-ஆம் ஆண்டு முதல் குடியேற்றிய இடம். அங்கே வசிப்பதாகச் சொன்னாலே வேலை தரத் தயங்குவோர் உண்டு. 2020-இல் சென்னை மாநகராட்சியின் ஒத்துழைப்போடு, பால்கேயின் உருவத்தை எழச்செய்த அதே அறக்கட்டளையினர் அக்குடியிருப்பின் மாடிச் சுவர்களை ஓவியர்கள் பலரிடம் ஒப்படைத்தார்கள். 'ஏ-கில்' என்னும் பெயரில் வரையும் சென்னை ஓவியர் தீட்டியது எவர் முகத்தை? நடிகரையோ தலைவரையோ அல்ல. அப்பகுதிச் சிறுவர்களின் சிரித்த முகங்களை. கட்-அவுட்டின் அளவு அப்படியே இருக்கிறது. அதில் நாயகனுக்குரிய இடத்தில் குடிசை மாற்றுக் குடியிருப்புப் பிள்ளை நிற்கிறது! நம் ஊர்ப் பேனர் மரபின் முழு வலிமையும் எளியவருக்காக முதன்முதலாகச் செலவழிக்கப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஓவியர் 'கத்ரா' என்னும் மற்றோர் ஓவியருடன் சேர்ந்து, 2020-21-இல் இந்திரா நகர் பறக்கும் இரயில் நிலையத்தின் நெடுஞ்சுவரில் வரிசையாகப் பல முகங்களைத் தீட்டினார். எச்.ஐ.வி. தொற்றுடையோர்மீது சமூகம் காட்டும் வெறுப்பைப் போக்குவதற்காகத் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தோடு இணைந்து செய்த பணி அது. அந்த முகங்களுள் தொற்றுடையவர் எவர், இல்லாதவர் எவர் என்று பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. அதுவே அச்சுவர் கற்பிக்கும் பாடம்.

நோயையும் தெருவோவியத்தையும் சேர்த்து நினைக்கும்போது அமெரிக்க நாட்டுக் கீத் ஹேரிங் நினைவுக்கு வருகிறார். நியூயார்க் சுரங்க இரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாத கறுப்புத் தாள்களின்மேல் சுண்ணக்கட்டியால் துள்ளும் மனித உருவங்களை வரைந்து, சித்திரக்கதையின் எளிய கோட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர். 1989-இல் இத்தாலியின் பீசா நகரில், புனித வனத்து அந்தோணியார் ஆலயத்தைச் சேர்ந்த துறவியர் இல்லத்தின் சுவர் அவருக்குக் கொடுக்கப்பட்டது. வண்ண வண்ணமாக முப்பது உருவங்களை அங்கே தீட்டினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், முப்பத்தொரு வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்தார். இறப்பதற்குச் சிறிது முன் அவர் உருவாக்கிய கடைசிப் படைப்புகளுள் ஒன்று கிறிஸ்துவின் வாழ்வைச் சித்திரிக்கும் மூன்று மடிப்புப் பீடப்படம். அதன் வார்ப்பொன்று பாரிஸ் மாநகரின் புனித யூஸ்தாக்கியார் ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. உலகம் தீண்ட அஞ்சிய நாள்களில் அத்துறவியர் அவருக்குத் தங்கள் சுவரைத் திறந்துவிட்டார்கள் என்பதைப் படிக்கும்போது, என் திருச்சபையை எண்ணி எனக்கு உள்ளம் நிறைகிறது.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிசின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது என் குற்றத்தோடு நேரடித் தொடர்புடையது. 2014 சனவரியில், உரோமை நகரில் வத்திக்கானுக்கு அருகிலுள்ள தெருவொன்றில், மவுபால் என்னும் தெரு ஓவியர் திருத்தந்தையைச் 'சூப்பர்மேன்' போல வானில் பாய்பவராகத் தீட்டினார். கையில் பை, வெண்ணுடை காற்றில் பறக்கிறது. உலகமே அதை இரசித்தது. திருத்தந்தையோ சில வாரங்களுக்குப்பின் இத்தாலிய நாளிதழுக்கு அளித்த பேட்டியில், தம்மைப் பெருவீரராகவும் நட்சத்திரமாகவும் சித்திரிப்பது தமக்கு மனவருத்தம் அளிப்பதாகவும், தாமும் எல்லாரையும்போலச் சிரித்து, அழுது, உறங்கி, நண்பர்களோடு வாழும் மனிதரே என்றும் கூறினார். அதற்காக ஓவியர்மீது அவர் பகை கொண்டாரா? இல்லை. பத்தாண்டு கழித்து, 2024 தவக்காலச் செய்திக்குப் படம் வரைய வத்திக்கான் துறையொன்று அழைத்தது அதே மவுபாலைத்தான். அப்பொழுது அவர் வரைந்த திருத்தந்தை வானில் பறக்கவில்லை. முள்ளாணிகள் நிறைந்த பாலைநிலத்தில் தள்ளுவண்டி தள்ளுகிறார். வண்டியில் இருப்பது விசுவாசம் என்னும் மூட்டை.

நம் மதிற்சுவர்

வண்ணம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கண்ணகி நகரின் சுவர்களுக்கு நிறம் வந்ததால் மட்டும் அங்குள்ளவர்களுக்கு வேலையும் நல்ல குடிநீரும் வந்துவிடா. ஏழையின் வீட்டை வெளியே அழகுபடுத்திவிட்டு உள்ளே எட்டிப் பாராதிருந்தால் அது வெள்ளையடித்த கல்லறைக்கே ஒப்பாகும். தெரு ஓவியம் நிலைத்திருப்பதும் இல்லை. வெயில் அதை உரிக்கும். சுவரை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்புவார்கள். ஆனால் மனித முகத்தை எவ்வளவு பெரிதாகக் காணத் தகும் என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டால், அப்பயன் சுவரோடு இடிந்துபோகாது.

இனி நம் பங்கின் செய்திக்கு வருகிறேன். கோயிலின் முன்புற மதிற்சுவர் நாற்பது அடி நீளம். பாதுகாவலர் திருநாளுக்கு முன் அதற்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பங்குப் பேரவை முடிவு செய்திருந்தது. அவ்வேலையை, ஏணி கொண்டுவந்த அந்தப் பழைய கலைஞரிடமே ஒப்படைத்திருக்கிறோம். வெள்ளையடிப்பதோடு அவர் வேலை முடியாது. வெள்ளை காய்ந்தபின் அதில் அவர் படம் எழுதுவார். அவருக்கு உரிய கூலி, பிளக்ஸ் தட்டிகளுக்காக ஒதுக்கியிருந்த தொகையிலிருந்தே கொடுக்கப்படும். இளைஞர் மன்றத்தினர் அறுவர் அவருக்குக் கையாள்களாக நின்று கட்டம் போடவும் வண்ணம் கலக்கவும் கற்றுக்கொள்வார்கள். இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கை நடுங்குமோ என்னவோ, சாமி" என்றார். மறுநாள் விடியற்காலையில் நான் சன்னல் வழியாகப் பார்த்தபோது, சுவரை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

எவர் முகத்தைத் தீட்டுவது? புனித அந்தோணியார் நடுவில் இருப்பார், அதில் மாற்றமில்லை. அவரைச் சுற்றி நிற்கும் மக்கள் கூட்டத்துக்கு முகங்கள் வேண்டும். இளைஞர்கள் முதலில் தங்களுக்குப் பிடித்த நடிகரின் பெயரைச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை; பாந்திராவின் கதையைச் சொன்னேன், கண்ணகி நகரின் கதையையும் சொன்னேன். சற்று நேரம் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு அவர்களுள் ஒருவன், "சாமி, நாற்பது வருசமா கோயில் கூட்டுற ஆத்தாவை எழுதலாமா?" என்று கேட்டான். மற்றொருவன் சிமென்ட் ஆலையில் மூட்டை சுமந்து மறைந்த தன் தந்தையின் பெயரைச் சொன்னான். இன்னொருத்தி, ஊரில் முதன்முதல் செவிலியராகிச் சென்ற தன் அத்தையைச் சொன்னாள்.

பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் இம்மாதம் இரவுச் செபம் முடிந்தபின் பிள்ளைகளோடு அமர்ந்து, "நம் தெருவில் எவர் முகம் மறக்கப்படக்கூடாது?" என்று பேசி, ஒரு பெயரை எழுதிக் கோயில் வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். அவர்கள் எந்த வீட்டைச் சேர்ந்தவர்களாயினும் ஆகட்டும். எந்தச் சமயத்தவராயினும் ஆகட்டும். உயிரோடிருப்பவராயின் அவருடைய இசைவைப் பெற்றபின்னரே சுவரில் தீட்டுவோம்.

ஒரே ஒரு பெயர் மட்டும் பெட்டியில் விழ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பங்குத்தந்தையின் முகத்தை ஊர் போதுமான அளவு பார்த்துவிட்டது.